மினுக்குத் தண்ணி சிந்திய நாள்

ஆத்தா பவித்ரா,

நேற்று நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், "சிக்னல் சரியில்ல தாயி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உனக்கும் அது தெரிந்திருக்கும். பெங்களூரில் உன்னோடு வேலை பார்க்கிற அந்தத் தம்பி உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறார். "என்னப்பா சொல்லட்டும்?" என்று கேட்டாய். போனைக் காதில் வைத்துக்கொண்டு எனக்கு எதையும் யோசிக்க வராது. ஏலக்காய் விலையைத் தவிர வேறெதையும் நான் போனில் பேசி முடித்தவனில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மலையில், காய் உலர்த்துகிற ஸ்டோர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். காய் எடுக்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்பு இப்போதுதான் போடிமெட்டுப் பக்கம் இறங்கிப் போனது. பனி மஞ்சு ஏலச்செடிகளுக்குள் புகுந்து, ஒவ்வொரு தூராக மறைத்துக்கொண்டு வீட்டை நோக்கி வருகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும். நீ இருந்தபோது அதற்காகவே ஜன்னலைத் திறந்து வைப்பாய். இப்போது நானும் திறந்துதான் வைக்கிறேன்.

நீ புகுந்த வீட்டிலிருந்து வந்த அன்று ஒரு சூட்கேசும் ஒரு அட்டைப் பெட்டியும் கொண்டு வந்தாய். சூட்கேசை நீ திறக்கவே இல்லை. அட்டைப் பெட்டியை உங்கம்மா திறந்தாள். துணிமணி இருக்கும், துவைக்கப் போடலாம் என்று நினைத்தாள். உள்ளே பார்த்தால் கெட்டிக் காகிதங்கள், தூரிகைகள், பசை, வரிசையாகச் சின்னச் சின்னப் பாட்டில்கள். பாட்டிலின் தலையில் அழுத்தினால் பூவாளி மாதிரித் தூவும் மூடி இருந்தது. உங்கம்மா அதை சென்ட்டு என்று நினைத்துக் கழுத்தில் இரண்டு தடவை அடித்துக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டாள். அவள் திரும்பி வரும்போது கழுத்தும் தோளும் செம்பு தேய்த்த மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தன. தெருவே அவளைப் பார்த்தது. நான் சிரித்துச் சிரித்து இருமினேன். நீ அவளைப் பார்த்தாய், ஈரத்துணி எடுத்து வந்து அவள் கழுத்தைத் துடைத்துவிட்டாய், உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாய். சிரிக்கவில்லை. சின்ன வயதில் வாழைப்பழத் தோலைப் பார்த்தாலே சிரிக்கிற பிள்ளை நீ. உனக்கு அங்கே ஏதோ சரியில்லை என்று எனக்கு முதன்முதலாக உறைத்தது அப்போதுதான்.

அதன் பிறகு தெருவில் கேட்க ஆரம்பித்தார்கள். "பாப்பா வந்திருக்கு போல, மாப்ள எப்ப வர்றாரு?" என்று பால் வாங்கப் போனால் கேட்டார்கள், ரேஷன் கடையில் கேட்டார்கள். "கேக்கறவுகளுக்கு நான் என்னத்தச் சொல்ல?" என்று உங்கம்மா என்னிடம் அழுதாள். "தூங்குதுன்னு சொல்லு" என்றேன். அது பொய்யில்லை. நீ படுத்தேதான் கிடந்தாய், ஆனால் கண் மூடவில்லை. ஆடி மாதம் மலையில் காய் எடுப்பு தொடங்கியது. ஒரு நாள் காலையில், சிலமலை ஊரிலிருந்து காய் எடுக்க வருகிற பெண்களோடு உன்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். அவர்களில் பேச்சியம்மா தன் பக்கத்தில் உனக்கு இடம் போட்டு, வளைவுக்கு வளைவு உன் தலையைத் தன் தோளில் பிடித்துக்கொண்டு வந்தாள். உன்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அதற்காக அவளுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவன்.

அந்த அட்டைப் பெட்டியையும் நான்தான் ஜீப்பில் வைத்தேன். என்ன நினைத்து வைத்தேன் என்று எனக்கே தெரியாது. கொஞ்ச நாள் அது மூலையில் கிடந்தது. பிறகொரு மத்தியானம் தோட்டத்திலிருந்து வந்தபோது, ஜன்னலோரம் பலகை போட்டு நீ உட்கார்ந்திருந்தாய். ஒரு காகிதத்தில் வெள்ளைப் பூச்சைக் கத்தியால் அப்பி, வெங்காயம் வருகிற வலைப்பையை அதன்மேல் வைத்து அழுத்தி எடுத்திருந்தாய். காகிதத்தில் மேடும் பள்ளமுமாக மீன் செதில் மாதிரித் தடம் விழுந்திருந்தது. அதன்மேல் ஒரு பாட்டிலைக் குலுக்கித் தூவினாய். முதலில் வெறும் பச்சைத் தண்ணியாகத்தான் தெரிந்தது. நீ காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்தபோது, பள்ளங்களில் தேங்கிய தண்ணிக்குள்ளிருந்து பொன் எழுந்து வந்தது. நேராகப் பார்த்தால் இல்லை, சாய்த்தால் இருக்கிறது. "இது என்னாத்தா?" என்று கேட்டேன். "ஷிம்மர் ஸ்ப்ரேப்பா" என்றாய். அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. மினுக்குத் தண்ணி என்று நான் சொன்னதை நீ திருத்தவில்லை. அன்றிலிருந்து ஸ்டோரில் எல்லாருக்கும் அது மினுக்குத் தண்ணிதான்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் தூக்கத்தில் பார்த்தது போலத்தான் இருக்கிறது. மழை நின்று தூறல், தூறல் நின்று மஞ்சு, மஞ்சு விலகினால் ஒரு கை வெயில். ஏல இலையைக் காகிதத்தின் மேல் வைத்துத் தூவுவாய், இலையை எடுத்தால் அதன் நிழல் மட்டும் வெள்ளையாக நிற்கும். ஈரத்தில் கல்லுப்பைத் தூவுவாய், உப்பு நிறத்தை உறிஞ்சி அங்கங்கே பூ விட்டிருக்கும். காயத்துக்குக் கட்டுகிற வலைத்துணியை ஒட்டுவாய், அதன்மேல் மெல்லிசுக் காகிதத்தைக் கசக்கி ஒட்டுவாய், அதன்மேல் பால் விடாத கட்டன் சாயாவை ஊற்றிக் காயவிடுவாய், கடைசியில் மினுக்குத் தண்ணி. ஒரு தடவை தூவின ஈரத்தோடு காகிதத்தை வாசலில் மஞ்சில் பிடித்துக்கொண்டு நின்றாய். மஞ்சு இறங்கி, அந்த நீலத்தில் கண்ணுக்குத் தெரியாத சொட்டுச் சொட்டாக விழுந்து, காகிதமெல்லாம் புள்ளி புள்ளியாக வெளுத்தது. காய் மூட்டையோடு வந்த பெண்கள் சுமையை இறக்காமலே நின்று பார்த்தார்கள். "மஞ்ச அள்ளி ஒட்டிப்புட்டியே தாயி" என்றாள் பேச்சியம்மா. உன் உதட்டோரம் லேசாக அசைந்தது. நான் ஏதோ சோலி இருக்கிறவன் மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டேன்.

ஆனால் எதுவும் காயவில்லை. மலையில் ஈரம் காய்வதென்றால் லேசா? கொடியில் போட்ட வேட்டியே நாலு நாள் கிடக்கும். நீ அடுக்கி வைத்த காகிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, சிலவற்றில் பூஞ்சணம் பிடித்தது. அந்த மஞ்சுக் காகிதத்தை நீ பிரிக்கப் பார்த்தாய். அது பாதியில் கிழிந்தது. அப்போதுதான் அழுதாய். வந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை, ஒரு தாளுக்காக மூச்சு முட்ட அழுதாய். பக்கத்தில் உட்காருவதா, வெளியே போவதா என்று எனக்குத் தெரியவில்லை. "ஸ்டோர்ல வச்சுப் பாப்பமா?" என்றேன். பச்சைக் காயைக் கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, வெளியே அடுப்பில் விறகு எரித்து, இரும்புக் குழாய் வழியாகச் சூட்டை உள்ளே விட்டு உலர்த்துகிற அறைக்குள் காகிதத்தை வைப்பதா என்று நீ என்னைப் பார்த்தாய். "காயே காயுது, காயிதம் காயாதா?" என்றேன். மேல்தட்டில் ஒரு ஓரத்தைக் காலி பண்ணிக் கொடுத்தேன்.

மறுநாள் நீ அந்தக் காகிதங்களை எடுத்து வந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சூட்டில் வெள்ளைப் பூச்சு கொப்பளித்து, கொப்பளம் உடைந்து, எறும்புப் புற்று மாதிரி வாய் திறந்திருந்தது. மினுக்குப் பொடி ஓடி ஓடிப் பள்ளத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. காகிதத்தின் முதுகில் கம்பிவலையின் தடம், முழுக்க ஏலக்காய் மணம். நீ ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தாய், என் மூக்கிலும் வைத்தாய். "இப்படி வரும்னு யாருக்குமே தெரியாதுப்பா" என்றாய். அன்றைக்கு நீ மூன்று தடவை சோறு வாங்கித் தின்றாய்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். நீ அதை எப்படி நினைத்து வைத்திருக்கிறாயோ எனக்குத் தெரியாது. என் பக்கத்திலிருந்து பார்த்தது இதுதான். நான் வெளியே அடுப்புக்கு முன்னால் இருந்தேன். நீ ஸ்டோருக்குள் நின்றே தூவப் பழகியிருந்தாய், ஈரமாகக் கொண்டுபோனால் நிறம் ஓடுகிறது என்று. பொன் நிறத் தண்ணி இருந்த பாட்டிலில் பொடி அடியில் இறுகி, மூடியின் வாய் அடைத்துக்கொண்டது போலிருக்கிறது. நீ குலுக்கி, அழுத்தி, திருகியிருக்கிறாய். மூடி தெறித்து, பாட்டில் முழுக்க அன்றைக்கு எடுத்த காயின்மேல் கொட்டிவிட்டது. ஏதோ விழுந்த சத்தம் கேட்டு நான் ஓடி வந்தேன். ஒரு தட்டு முழுவதும் பச்சைக் காய் தங்கக் காயாகிக் கிடந்தது. குண்டு பல்பு வெளிச்சத்தில் அத்தனையும் மினுங்கின. எனக்கு அது அழகாக இருந்தது என்பதுதான் உண்மை. நான் உன்னைப் பார்த்தேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாய். அடுப்புக் கிளறுகிற கம்பி என் கையில் இருந்தது.

"நானே கழுவிர்றேன், நானே கழுவிர்றேன்ப்பா, யார்ட்டயும் சொல்லாதீங்க, இப்ப கழுவிர்றேன்" என்று சொல்லிக்கொண்டே நீ பின்னால் பின்னால் போனாய். சுவரில் போய் முட்டினாய். இரண்டு கையாலும் காதை மூடிக்கொண்டாய். உன் வாழ்நாளில் நான் உன்னை அடித்தவனில்லை. என்னைப் பார்த்து நீ பயப்படவில்லை, அந்த இடத்தில் நீ வேறு யாரையோ பார்த்தாய் என்று எனக்குப் புரிந்தது. கம்பியைக் கீழே வைத்தேன். சத்தம் வராமல் வைத்தேன். பிறகு நானும் தரையில் உட்கார்ந்துகொண்டேன். வேறு என்ன செய்ய என்று எனக்குத் தெரியவில்லை. நிற்கிற ஆள் பெரிதாகத் தெரிவான், உட்கார்ந்தால் சின்னதாகத் தெரிவான் என்று மட்டும் தோன்றியது. வெகுநேரம் கழித்து நீயும் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாய்.

"அடிப்பாரா தாயி?"

"ஒரு தடவதான்ப்பா." நீ தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "மத்த நாளெல்லாம் அடிப்பாரோ அடிப்பாரோன்னு நெனச்சதுதான். பால் பொங்கிட்டா, தண்ணி சிந்திட்டா. எல்லாரும் சேந்து பேசாம இருப்பாக. யாராச்சும் பேச மாட்டாகளான்னு நான் கதவு கதவாப் போவேன்."

காய் எடுப்பு முடிந்ததும் பெரியவர்களை வைத்துப் பேசி உன்னை அனுப்பி வைக்கலாம் என்றுதான் நானும் உங்கம்மாவும் அதுவரை நினைத்திருந்தோம். மாப்பிள்ளை குடிக்கிறவரில்லை, சம்பாத்தியம் இருக்கிறது, சத்தமாகக்கூடப் பேசமாட்டார். அது போதும் என்று இருந்தோம். அந்த ஸ்டோர்த் தரையில் உட்கார்ந்துதான் அது போதாது என்று எனக்குத் தெரிந்தது.

தங்கமாகிப்போன காயை விற்க முடியாது, வாயில் போடுகிற பொருள். பேச்சியம்மா வந்து பார்த்துவிட்டு, "இதச் சாமிக்குத்தான் மாலை கட்டணும்" என்றாள். நீ அதைக் கொட்டவிடவில்லை. உலர்ந்த பிறகு அவளும் நீயும் உட்கார்ந்து ஒவ்வொரு காயாக உடைத்து, உள்ளிருக்கிற ஏலரிசியை எடுத்துவிட்டு, வெறும் தோலைப் பிரித்து வைத்தீர்கள். அந்தத் தோல்களை நீ ஒரு பெரிய காகிதத்தில் செதில் செதிலாக ஒட்டினாய். ஞாயிற்றுக்கிழமை சோறு கொண்டுவந்த உங்கம்மா, அதைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் தன் கிழிந்த பட்டுச்சேலையின் சரிகையை உருவிக் கொண்டு வந்து உன் மடியில் போட்டாள். அதையும் நீ சேர்த்தாய். எட்ட நின்று பார்த்தால் மழைக்கு முந்தின சாயங்கால மலைச் சரிவு, கிட்டப் போனால் ஏலத்தோல். பெங்களூரில் கையால் கல்யாண அட்டை செய்கிற அந்தம்மா, நீ அனுப்பிய படத்தைப் போனில் பார்த்துவிட்டு உன்னை வேலைக்குக் கூப்பிட்டது இந்தக் காகிதத்துக்காகத்தான்.

அதற்கு முன்னால் உன்னைக் கூட்டிப்போக அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, ஒரு மாமா. கார் சேற்றில் ஏறாமல் எங்கள் ஜீப்பில்தான் வந்தார்கள். அவரைக் கெட்டவர் என்று எழுத இப்போதும் எனக்குக் கை வரவில்லை. உன் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். "வீட்லயே ஒரு அலமாரி செஞ்சு தர்றேன் பவித்ரா, நீ பாட்டுக்கு இதையும் செய்யி" என்றார். எனக்கே ஒரு நிமிஷம் மனசு இளகியது. மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டினார், காரியம் முடிந்தது என்கிற மாதிரி. நீ கட்டன் சாயாத் தம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டாய்.

"நான் இதத் தரையில சிந்திட்டேன்னு வைங்க. என்ன செய்வீங்க?"

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். அந்தம்மா மாமாவைப் பார்த்தார். வெளியே யாரோ காயைக் கொட்டுகிற சத்தம் கேட்டது. அவர் கடைசியில், ரொம்பப் பொறுமையாக, "சிந்தாமப் பாத்துக்கிட்டா என்ன?" என்றார்.

நீ அதைக் கேட்டுக்கொண்டாய். கோபப்படவில்லை. "நான் வரல" என்றாய், தண்ணி வேண்டாம் என்று சொல்கிற மாதிரி. அந்தம்மா எழுந்துவிட்டார். "ஒரு தம்ளர் சாயாவுக்காகவா?" என்று என்னிடம் கேட்டார். "பிள்ள சொல்லிருச்சுல்ல" என்றேன். அவ்வளவுதான். அவர்களைக் கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு நான் திரும்பி வந்தபோது, நீ வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாய். பேச்சியம்மா உன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்ததும், "அடுப்பு அணைஞ்சிருச்சு" என்று ஒன்றாகச் சொன்னீர்கள். நான் விறகு எடுக்கப் போனேன்.

இப்போது அந்தத் தம்பியைப் பற்றி. அவர் நல்லவரா என்று எனக்குத் தெரியாது தாயி. நல்லவர் என்று நான் ஒருவரைப் பார்த்துச் சொன்னது எப்படி முடிந்தது என்று பார்த்துவிட்டோம். உன்னைவிட எனக்குக் கண் கூர்மை என்று இனி நான் நினைக்கப்போவதில்லை. நீ என்னிடம் கேட்டதே எனக்குப் பெரிது. ஆனால் நேற்று உன் குரலில் ஒரு அவசரம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றாய். யார் வைத்த வெள்ளிக்கிழமை? அவரா, அவர் வீட்டாரா, இல்லை, மறுபடியும் யாரும் கேட்க மாட்டார்களோ என்று நீயே வைத்துக்கொண்டதா? உங்கம்மாவிடம் சொன்னேன். அவள் உடனே, "நல்ல பையன்னா விட்றக் கூடாது" என்றாள், கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல பையன்னா நிப்பான்" என்றாள். இரண்டையும் அப்படியே எழுதச் சொன்னாள்.

நான் எழுத நினைத்தது வேறு. நீ பெங்களூருக்குக் கிளம்பின அன்றைக்கு நடந்தது. மழை விட்ட நாள். மலையிலிருந்து நாம் இரண்டு பேர் மட்டும் ஜீப்பில் இறங்கினோம். போடியில் சாயங்கால பஸ்சைப் பிடிக்க வேண்டும். மெட்டைத் தாண்டி இரண்டாவது வளைவு வருவதற்குள் நீ தூங்கிவிட்டாய். உன் தலை ஜன்னல் கம்பியில் இடித்தும் நீ எழவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஜீப்பு குலுங்கக் குலுங்க நீ தூங்கினதை நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். கீழே போடியும் தென்னந்தோப்புகளும் கண்மாய்த் தண்ணியும் வெயிலில் மிதந்தன. ஒரு அகலமான வளைவில் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். குரங்கு ஒன்று பானெட்டில் வந்து உட்கார்ந்தது, அதைக்கூட விரட்டவில்லை. லோடு ஏற்றிய லாரிகள் முனகிக்கொண்டு மேலே போயின. வெயில் மங்கி, கீழே ஒவ்வொரு விளக்காக எரிய ஆரம்பித்தது. பஸ்சு கிளம்புகிற நேரம் வந்தது, போனது.

நீ விழித்ததும் பதறி எழுந்தாய். "மணி என்னப்பா? பஸ்சு போயிருச்சா?"

"போயிருச்சு."

"ஏம்ப்பா எழுப்பல? டிக்கெட்டு போச்சே!"

"நல்லாத் தூங்குன ஆத்தா. நாளைக்கும் பஸ்சு இருக்கு."

நீ என்னை முறைத்தாய். பிறகு பானெட்டில் இருந்த குரங்கைப் பார்த்தாய். சிரிக்க ஆரம்பித்தாய், நிறுத்த முடியாமல் சிரித்தாய், குரங்கு பயந்து ஓடிவிட்டது. போடியில் இறங்கி இரண்டு பேரும் புரோட்டா தின்றோம். வீட்டுக்குப் போய், திடீரென்று நிற்கிற மகளைப் பார்த்து உங்கம்மா போட்ட சத்தத்தைக் கேட்டோம். நீ மறுபடியும் படுத்து, மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூங்கினாய்.

அந்த வேலை ஓடிப்போய்விடவில்லை. பெங்களூர் அந்தம்மா ஒரு நாள் காத்திருந்தார். சாயங்காலம் உன்னைப் பஸ்சு ஏற்றிவிட்டேன். முந்தின நாள் டிக்கெட்டில் உனக்குக் கடைசி வரிசை. மறுநாள் பஸ்சில் ஜன்னல் சீட்டே கிடைத்தது.

அப்பா